மூன்று மணி மூச்சு

வள்ளம் கவிழ்ந்த ஒன்பதாம் நாள், தேடப் போனவர்கள் வெறுங்கையோடு கரையேறி, இனிமேல் போய்ப் பயனில்லை என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துபோன அந்தப் பகலில், சரியாக மூன்று மணிக்கு, கஸ்பார் மச்சாது வீட்டு முன்கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பதினோரு பழைய ட்ரம்பெட்டுகளில் பத்து மூச்சு விட்டன. யாரும் ஊதவில்லை. காற்றும் அடிக்கவில்லை, கோயில்முனை ஊரில் அன்றைக்குக் கோயில் கொடியே கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பல்வலிக்குக் கடைவாயில் கிராம்பை அடக்கியபடி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த கஸ்பாரின் பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தார், ஆள் இல்லை. எழுந்து போய் முதல் ட்ரம்பெட்டின் அகன்ற வாயருகே கையை வைத்தார், உள்ளங்கை ஈரமானது. இரண்டாவதில் பீடி வாசம் வந்தது. மூன்றாவதில் சாராயம், நான்காவதில் வெற்றிலை. இப்படி ஒவ்வொன்றாகக் கையை வைத்துக்கொண்டே வந்தவர், நடுவில் தொங்கிய வெள்ளிப் பூச்சு ட்ரம்பெட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். அது மட்டும் சில்லென்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்தும் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

பத்து ட்ரம்பெட் மூச்சு விட்டதற்காகக் கஸ்பார் பயப்படவில்லை. முப்பது வருஷம் கப்பலில் இன்ஜின் பார்த்த மனுஷன், அந்தக் கப்பல் வயிற்றுக்குள் கேட்காத சத்தமா. நடுவில் இருந்தது ஏன் மூச்சு விடவில்லை என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோனது, அதற்குத்தான் பயந்தார். ஏனென்றால் அது அவருடைய மருமகன் ரெமிஜியுஸின் ட்ரம்பெட்.

கோயில்முனையில் கஸ்பார் என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருவர் ஐஸ் கஸ்பார், ஒருவர் நொண்டிக் கஸ்பார், இவர் ஊதாத கஸ்பார். கப்பல் நின்ற துறைமுகத்தில் எல்லாம் கூட வந்தவர்கள் சீட்டாடவும் குடிக்கவும் இறங்க, இவர் மட்டும் பழைய சாமான் கடைகளில் புகுந்து ட்ரம்பெட் தேடினார். ரங்கூனில் ஒன்று, மொம்பாசாவில் ஒன்று, மார்செயில் நாலு, பட்டாளத்தில் குண்டடி பட்டு ஓட்டை விழுந்தது ஒன்று, ஒரு சர்க்கஸ் கோமாளி சாகும் மட்டும் தலைமாட்டில் வைத்திருந்தது ஒன்று என்று முப்பத்திரண்டு சேர்ந்தன. ஒன்றிலாவது அவர் வாய் வைத்ததில்லை. எச்சில் பட்டால் பழைய பித்தளை அரித்துவிடும் என்று காரணம் சொல்வார். நிஜம் என்னவென்றால் அவருக்கு ஊத வராது. கப்பலில் ஒரே ஒரு நாள் வேறொருவன் ட்ரம்பெட்டை ஊதிப் பார்த்தார், அதற்கு இன்ஜின் அறையே சிரித்த சிரிப்பை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஊதத் தெரிந்தவனுக்கு ஒரு ட்ரம்பெட் போதும், தெரியாதவனுக்குத்தான் எத்தனை இருந்தாலும் பசி அடங்காது போலிருக்கிறது.

அந்தப் பசிதான் ஊர்க்கோயில் பேண்டின் பதினொன்றின் மேலும் விழுந்தது. பாட்டன் பூட்டன் காலத்தில் அங்கே பங்குச் சாமியாராக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் காட்டிக்கொடுத்த யூதாசைக் கழித்துவிட்டுப் பதினோரு ட்ரம்பெட்டை அவருடைய ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவை அவை. அப்பன் ஊதியதை மகன் ஊதினான், மகன் ஊதியதைப் பேரன் ஊதினான், ஒருவன் எச்சில் காய்வதற்குள் அடுத்தவன் வாய் வைத்தான், ஞானஸ்நானம், கல்யாணம், கொடியேற்றம், அடக்கம் என்று ஊருக்கு வந்த எல்லாவற்றுக்கும் முன்னால் அவைதான் நடந்தன. ட்ரம்பெட் முன்னே போகாமல் ஒரு சவப்பெட்டியும் கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டியதில்லை.

அவற்றில் வெள்ளிப் பூச்சு போட்டது ஒன்றே ஒன்றுதான். வாயைச் சுற்றித் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். அது ரெமிஜியுஸ் கையில் இருந்தது. ரெமிஜியுஸ் சங்கு குளிக்கிறவன், மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவன். கோயில்முனையில் குளியாள்களின் மூச்சைக் கடிகாரத்தால் அளப்பதில்லை, வள்ளத்தில் இருப்பவர்கள் சொல்லும் அருள் நிறை மரியே ஜெபத்தால் அளப்பார்கள். ஏழு மந்திரம் அடக்குகிறவன் நல்ல குளியாள். ஒன்பது அடக்குகிறவனுக்குப் பெண் கொடுக்கப் போட்டி. ரெமிஜியுஸ் பன்னிரண்டு அடக்குவான். பன்னிரண்டு முடிந்தால் யாராக இருந்தாலும் இடுப்புக் கயிற்றை இழுத்துவிடுவார்கள், அதற்கு மேல் எண்ணி அங்கே பழக்கமில்லை.

கஸ்பாரின் ஒரே மகள் வியாகுலா அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கடலுக்கடியில் பிழைக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று கஸ்பார் ஒன்றரை வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ரெமிஜியுஸ் வந்து, பேசாமல் அந்த வெள்ளி ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றி மேஜையில் வைத்தான். கஸ்பார் துணியைப் பிரித்தார். அடுத்த ஞாயிறே கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். பெண்ணைக் கொடுத்து ட்ரம்பெட் வாங்கினவன் என்று ஊர் சிரித்தது. வியாகுலாவும் சிரித்தாள். "எல்லாரும் நகை போட்டுப் போவா. நான் மட்டுந்தான் ஊதிட்டுப் போறேன்" என்று அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கல்யாணத்தன்று சாயங்காலம், பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கஸ்பார் கொல்லையில் உட்கார்ந்து அந்த ட்ரம்பெட்டைக் கழுவினார். வெந்நீரில் சோப்பைக் கரைத்து உள்ளே ஊற்றி, நூலில் மெத்தென்ற துணியைக் கட்டி இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்து, தலைமுறை தலைமுறையாகப் படிந்த அழுக்கை எல்லாம் எடுத்தார். பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர் வந்தது. கடைசியில் உள்ளேயிருந்து, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. சட்டியில் நுரை வெகுநேரம் உடையாமல் நின்றது. அதை அங்கணத்தில் ஊற்றினார், சாக்கடையோடு போனது. அவர் வைத்திருந்ததிலேயே அவருக்கு மிகப் பிடித்தது அதுதான் என்பதால் அதை மட்டும் கழுவினார்.

மற்ற பத்தும் ரெண்டு வருஷம் கழித்து வந்தன. தீவுக் கோயில் திருவிழாவுக்குப் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். பழசெல்லாம் நெளிந்து வால்வு இறுகிக் கிடந்தது. மீரட்டில் செய்த புத்தம் புது ட்ரம்பெட் பத்தை வரவழைத்து, பழசுக்குப் புதுசு என்று கஸ்பார் மாற்றிக்கொண்டார். வெள்ளியைக் கொடுத்த ரெமிஜியுஸ் ஏற்கெனவே புதுசுதான் ஊதிக்கொண்டிருந்தான். பத்துப் பேரும் புதுசில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். அவனோடு சங்கு குளிக்கிற லொஞ்சின் மட்டும் கஸ்பார் பழசைச் சாக்கில் கட்டுவதைப் பார்த்து, "பதினொண்ணுதான்னு இத்தன காலம் நெனைச்சோம். பன்னெண்டாவது ஆளும் ஊருக்குள்ளேயே இருந்திருக்காரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பத்தையும் கழுவக் கஸ்பாருக்குச் சோம்பல். மழைக்காலம் வரட்டும் என்று அப்படியே சுவரில் மாட்டினார்.

திருவிழாவுக்குப் போன வள்ளம் நடுக்கடலில் பிற்பகல் மூன்று மணிக்குக் கவிழ்ந்தது. வேறு வள்ளத்தில் போன மேளக்காரர்கள் பிழைத்தார்கள். ட்ரம்பெட்காரர்கள் பதினோரு பேரில் ஒருவன் உடலும் கரை ஒதுங்கவில்லை.

சுவரில் மூச்சு வருவதைக் கஸ்பார் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பிரகாசிதான் கண்டுபிடித்தாள். வள்ளத்தோடு போன ட்ரம்பெட்காரன் சில்வேரின் மனைவி அவள். "எங்க ராசிய எல்லாம் சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்துட்டீரே அண்ணாச்சி" என்று சண்டை போட வந்தவள், மூன்று மணிக்கு மூன்றாவது ட்ரம்பெட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். தலையில் வந்து விழுந்த சாராய நெடியில் பேச்சு நின்றது. அண்ணாந்து பார்த்தாள். "அங்க போயும் குடிச்சிட்டுத்தான் இருக்கியளா?" என்று கத்திக்கொண்டு தலையைச் சுவரில் முட்டினாள். நாலு மணிக்குள் பாதி ஊர் கூடத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு கோயில்முனைக்கு மூன்று மணி என்பது சாப்பாட்டு வேளை மாதிரி ஒரு வேளையாகிவிட்டது. இரண்டரைக்கே பெண்கள் ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவரவர் ட்ரம்பெட்டின் கீழ் உட்கார்ந்தார்கள். கரையில் மீன் ஏலம் நின்றது. ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து, அப்பன் மூச்சு பிள்ளை உச்சியில் படும்படி தூக்கிப் பிடித்தாள். ஒருத்தி புருஷனின் துவைத்த சட்டையைப் பிடித்து ஈரமானதும் மடித்து எடுத்துப் போனாள். இன்னொருத்தி டிரங்குப் பெட்டிச் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று நாலு நாள் கேட்டாள். மூச்சு பதில் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சாவி அரிசிப் பானைக்குள் கிடைத்தபோது, சொன்னது அவர்தான் என்று அவள் சத்தியம் செய்தாள். பிரகாசி புளியும் சாம்பலும் கொண்டுவந்து, வீட்டுக் குத்துவிளக்கைப் போலச் சில்வேர் ட்ரம்பெட்டையும் விளக்கி வைக்கப் பார்த்தாள். "உள்ள தண்ணி படக்கூடாது! பட்டா மூச்சு போயிரும்" என்று கஸ்பார் கத்தின கத்தலில் அவள் கையிலிருந்த புளி கீழே விழுந்தது. அது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

மரித்தோர் பூசை வைக்க வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம் பங்குச் சாமியார், "மூச்சு இருக்கவனுக்கு நான் எப்படிம்மா வைக்கது?" என்று கையை விரித்தார், வேண்டுமானால் நோயாளிகளுக்கான ஜெபம் சொல்லுகிறேன் என்றார். இறப்புச் சான்று எழுத வந்த கிராம அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பத்து ட்ரம்பெட்டிலும் பிணத்தின் மூக்கில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி கையை வைத்துப் பார்த்தார். "மூச்சு இருக்கே. இருக்கறப்ப இல்லன்னு எழுதினா என் வேலை போயிடும்" என்றார். நல்ல மனுஷன்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்து கை வைத்துப் பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பெண்கள் முக்காலியோடு கூடிய முதல் நாள், எல்லோருக்கும் கடைசியாகத்தான் வியாகுலா வந்தாள். தலைக்கு ஊற்றி ஈரம் சொட்டச் சொட்ட நடுவில் போய் நின்று வெள்ளி ட்ரம்பெட்டின் வாயில் முகத்தை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் பத்தும் மூச்சு விட்டு முடித்து, பெண்கள் முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகும் அங்கேயே நின்றாள். அப்போதுதான் லொஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாயி, அவன் ரெமிஜியுஸ்லா. மத்தவனுவ மாதிரியா? மூச்ச அடக்கிட்டு இருக்கான்" என்றான்.

வியாகுலா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "அப்படியாப்பா?"

கஸ்பார் சொல்ல வாயைத் திறந்தார். கல்யாணச் சாயங்காலமும் வெந்நீரும் நுரையும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அவள் முகத்தில் அப்போது தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். கிராம்பை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்குத் தள்ளிக்கொண்டு, "இருக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ரெமிஜியுஸ் ஊருக்கே உயிரோடிருப்பவனாகிவிட்டான். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், அவன் அடக்கியிருக்கிறான். கடலுக்கடியில் எங்கோ பாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். நாளைக்கோ மறுநாளோ மேலே வருவான். பெண்கள் அவன் ட்ரம்பெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வியாகுலா தினமும் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள், தட்டைப் போட்டு மூடி வைத்தாள், மறுநாள் கோழிக்குக் கொட்டினாள்.

பிறகு அவளும் அடக்க ஆரம்பித்தாள். "அவிய அங்க அடக்கிட்டு இருக்கும்போது நான் இங்க எப்படி விடுறது" என்றாள். மூன்று மணி அடிக்கும்போது நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வெள்ளி ட்ரம்பெட்டின் கீழ் உட்கார்வாள். சுற்றியிருந்த பெண்கள் அருள் நிறை மரியே சொல்லி எண்ணினார்கள். முதல் நாள் இரண்டு. ஒரு மாதத்தில் ஐந்து. பெண்களுக்கு அது ஒரு பக்தியாகவே ஆகிவிட்டது. குரலைச் சேர்த்து, தலையை ஆட்டி ஆட்டி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு எண்ணினார்கள். எண்ணிக்கை ஒன்று கூடின நாளில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். மகளின் உதடு நீலமாவதைப் பார்க்க மாட்டாமல் கஸ்பார் வாசலில் போய் நின்று எண்ணிக்கையை மட்டும் கேட்பார்.

இதற்கிடையில் பத்தின் மூச்சும் மெலிந்துகொண்டு வந்தது. உள்ளே விட்டுப்போனது எவ்வளவோ அவ்வளவுதானே வரும். சித்திரையில் முதலில் நின்றது பீடி வாசம். அன்றைக்குக் கிராம அதிகாரி கை வைத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி வைத்துப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ட்ரம்பெட்டைப் பெரிய ஆளுக்கான சவப்பெட்டியில் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தி, மேளத்தை மட்டும் முன்னால் விட்டு, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கோயில்முனையில் ட்ரம்பெட் ஊதாமல் போன முதல் சவம் ஒரு ட்ரம்பெட்தான். அப்புறம் வெற்றிலை. வைகாசியில் நாலு, ஆனியில் மூன்று. சில்வேர் ஆடி மாதம் வரை தாக்குப்பிடித்தான், கடைசி நாள் சாராய நெடி ஊசி முனையளவுதான் வந்தது, பிரகாசி அதையும் இழுத்து எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுக்கும்போது, சேர்த்ததில் ஒன்று குறைகிறதே என்று கஸ்பாருக்கு உள்ளே ஒரு வலி வரும். இந்த நேரத்திலும் இப்படி ஒரு வலியா என்று வெட்கமாகவும் இருக்கும்.

ஆவணி பிறந்தபோது சுவரில் ஒன்றுதான் இருந்தது. விதவையாகிவிட்ட பெண்கள் பத்துப் பேரும் தங்கள் ட்ரம்பெட் போன பிறகும் முக்காலியோடு வந்து வியாகுலாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இனி அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவன் ஒருவன்தான் மிச்சம். அவள் ஒன்பதுக்குப் போனாள். பத்துக்குப் போன அன்று மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிரகாசி வாசலுக்கு வந்து கஸ்பாரிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணாச்சி, புள்ளையப் பாரும். பன்னெண்டுக்குப் போயிட்டாள்னா திரும்பி வரமாட்டா. எங்க வாயாலயே எண்ணி எண்ணி அனுப்பிருவோம் போல இருக்கு."

மறுநாள் காலை வியாகுலா முற்றத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள். கஸ்பார் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"வியாகுலா, ஒண்ணு சொல்லணும் ஒனக்கு."

"மூணு மணிக்குப் பெறவு சொல்லுங்கப்பா. பேசினா மூச்சு வீணாப் போவுது."

"இது முன்னாடியே சொல்ல வேண்டியது, மக்கா."

"அப்ப இவ்வளவு நாள் இருந்தது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கஸ்பாருக்குக் கூப்பிட்டு நிறுத்தத் தைரியம் வரவில்லை. கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த ஆள், ஒரு பெண்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயந்து, அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்தார்.

அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வெள்ளி ட்ரம்பெட்டைச் சுவரிலிருந்து இறக்கினார். வாழ்க்கையிலேயே இரண்டாவது முறையாக ஒரு ட்ரம்பெட்டில் வாய் வைத்தார். சத்தம் வராது என்று தெரியும், சத்தம் அவருக்குத் தேவையும் இல்லை. நெஞ்சில் இருந்ததை எல்லாம் மெள்ள உள்ளே விட்டார். இழுத்து இழுத்து விட்டார். காது அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது, தரையில் உட்கார்ந்துகொண்டு விட்டார். ஒரு மூச்சு போதுமென்றுதான் ஆரம்பித்தார். ஆனால் மகளுக்கு என்று வந்தபோது கை நிற்கவில்லை. போதும் போதும் என்று உடம்பு கெஞ்ச, இன்னும் இன்னும் என்று ஊற்றினார். மறுபடி மாட்டிவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் விழுந்தபோது அவர் நெஞ்சில் பாதி காலியாக இருந்தது.

மூன்று மணி அடித்தது. வியாகுலா நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்கள் எண்ணினார்கள். ஏழு, எட்டு. லொஞ்சின் ஜன்னலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பத்து. வியாகுலாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதினொன்றாவது அருள் நிறை மரியே பாதியில் இருக்கும்போது, அத்தனை மாதமும் சில்லென்று கிடந்த வெள்ளி ட்ரம்பெட், நீளமாக, நிதானமாக, வெதுவெதுப்பாக ஒரு மூச்சை அவள் முகத்தில் விட்டது.

"ரெமிஜியுஸ் மூச்சு விட்டுட்டான்!" என்று ஒருத்தி கத்தினாள்.

அந்த ஒரே வார்த்தையைக் கேட்டு ஊர் இரண்டாக ஓடியது. மூச்சு விட்டுவிட்டான், மேலே வந்துவிட்டான் என்று பாதிப் பேர் கூவிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள், வள்ளத்தைக் கூடத் தள்ளிவிட்டார்கள். மூச்சை விட்டுவிட்டான், போய்விட்டான் என்று மீதிப் பேர் தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கோயில் மணியை ஒருவன் கல்யாணத்துக்கு அடிக்கிற மாதிரி அடித்தான், இன்னொருவன் அவனைத் தள்ளிவிட்டுத் துக்க மணி அடித்தான்.

கூடத்தில் வியாகுலா தன் மூச்சை விட்டாள். இருமினாள், வாயைத் திறந்து திறந்து இழுத்தாள், முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அதைப் பார்த்ததும் கஸ்பாருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து ட்ரம்பெட்டின் வாயில் மூக்கை வைத்தாள். அது இரண்டாவது மூச்சை விட்டது. அவள் அதை ஆழ இழுத்தாள். அப்புறம் திரும்பி நாற்காலியில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"கிராம்பு" என்றாள்.

கஸ்பார் வாயிலிருந்த கிராம்பை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"கழுவினீங்களா?"

"ஆமா."

"எப்ப?"

"ஒன் கல்யாணத்தன்னைக்கு. சாயங்காலம்."

"அந்தத் தண்ணிய?"

"அங்கணத்துல ஊத்திட்டேன்."

பிரகாசி ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். வியாகுலா அழவில்லை, ஏசவும் இல்லை. "இவ்வளவு நாளும் தெரியும் ஒங்களுக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு போய், மூடி வைத்திருந்த ரெமிஜியுஸின் தட்டை எடுத்து, அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாள்.

மறுநாள் பதினோராவது பெட்டி வந்தது. வெள்ளைத் துணியில் கிடந்த ட்ரம்பெட் பெட்டிக்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கஸ்பார் அளவில்லாமல் ஊற்றியிருந்தார். கிராம அதிகாரி கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"மூச்சு இருக்கேம்மா. எப்படி எழுதட்டும்?"

"இருக்கு சார். அவிய மூச்சு இல்ல அது. எங்கப்பா மூச்சு. நீங்க அவிய பேரு போட்டு எழுதுங்க."

அதிகாரி கஸ்பாரைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார். சாமியார் தண்ணீர் தெளிக்கத் தூக்கிய கையை அந்தரத்திலேயே வைத்திருந்தார். மூச்சு இருப்பதை மூடலாமா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். வியாகுலாவே மூடியைத் தூக்கி வைத்து, ஆணியை வாங்கி, முதல் ஆணியை அடித்தாள். கஸ்பார் தடுக்கவில்லை. முதல் கைப்பிடி மண் விழுந்தபோது அவர் மூக்குக்குள் ஈர மண் வாசம் ஏறியது. குழி நிறைய நிறைய அவருக்கு இழுக்க வரவில்லை. லொஞ்சின்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் போட்டான்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் கஸ்பாருக்கு மூச்சு நின்றுபோகிறது. வாயெல்லாம் மண் ருசி, நெஞ்சின் மேல் ஆறடி பாரம், பிறகு மெதுவாகத் திரும்பி வருகிறது. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள். பிறகு ஊர் அதற்கும் பழகிவிட்டது; ஊதாத கஸ்பார் என்ற பெயரை மாற்றி ஊதின கஸ்பார் என்று கூப்பிட்டார்கள், மூன்று மணிக்கு அந்தத் தெருவில் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. துறைமுகங்களில் வாங்கிய முப்பத்திரண்டும் உள்ளறையில் கிடக்கின்றன. அவற்றிலும் ரங்கூன்காரன், மொம்பாசாக்காரன் எவன் எவன் மூச்சோ மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ வந்துகொண்டிருக்கலாம். அவற்றின் கீழ் உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு இங்கே யாரும் இல்லை.

வியாகுலா மூச்சடக்குவதை விட்டுவிட்டாள். சங்கு அறுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், முகத்தில் தெளிவு வந்துவிட்டது. அப்பாவோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் மூன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் முக்காலியோடு வந்து அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, கிராம அதிகாரி வைப்பது போலவே அவர் மூக்கருகில் கையை வைத்துக்கொள்கிறாள். மூச்சு திரும்பி வந்து உள்ளங்கையில் பட்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறாள். மகள் பயந்துபோய்த்தான் பார்க்க வருகிறாள் என்று முதலில் கஸ்பார் சந்தோஷப்பட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் அவள் உதடு அசைவதைக் கவனித்தார். அருள் நிறை மரியே சொல்லி எண்ணுகிறாள். அப்போது மூன்றாவதில் அவருக்கு மூச்சு திரும்பியது. பொங்கலுக்கு ஆறாவதில். நேற்று பதினொன்று முடிந்து, பன்னிரண்டாவதை அவள் பாதி சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு திரும்பியது, அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பன்னிரண்டுக்கு மேல் எண்ணிக் கோயில்முனையில் பழக்கமில்லை.